பறவைக்கு 5 கிலோமீட்டர், பசுவுக்கு எவ்வளவு?

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊர் மாட்டுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 33-ஏ. 1991 திருத்தத்தில் சேர்த்தார்கள். சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் வளர்கிற ஆடு மாடுகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட தலைமைக் காட்டுயிர்க் காப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது முதல் பகுதி. ஊசி போடாத கால்நடையைச் சரணாலயத்தில் மேய்க்கக் கூடாது என்கிறது அடுத்தது. சட்டம் எழுதியவர்களுக்கு, சரணாலயம் என்றால் அதற்குள் மாடும் இருக்கும், மாடு வைத்திருக்கிற மனிதரும் இருப்பார் என்று தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

நான் கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு கூடுவாஞ்சேரியில், நந்திவரம் ஏரிக்குப் பக்கம். டாக்டருக்குப் படித்தவன் இல்லை. ஆனால் சினை ஊசிப் பெட்டியோடு சைக்கிளிலும் பிறகு டி.வி.எஸ். 50-லும் ஊர் ஊராகப் போனவனை மக்கள் ‘டாக்டரே’ என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை. அப்படிச் சுற்றிய ஊர்களில் மதுராந்தகம் பக்கத்து ஏரிக்கரை ஊர்களும் உண்டு. வேடந்தாங்கல் என்றால் மற்றவர்களுக்குக் கூழைக்கடா நினைவுக்கு வரும். எனக்கு அங்கே கன்று ஈன முடியாமல் தவித்த ஒரு கலப்பின மாடும், விடிய விடிய அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த குடும்பமும்தான் முதலில் வரும்.

வேடந்தாங்கல் ஏரி சின்னது. 30 ஹெக்டேர்தான். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல், அதாவது எழுத்து உறுதி, வாங்கினார்கள் என்றும், 1858-ல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். முதல் கவுல், வனத்துறை பிறப்பதற்கு முன்பே நடந்த சங்கதி. காரணமும் வெறும் இரக்கம் மட்டுமல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்குத் தனியாக உரம் வேண்டியதில்லை என்பது அவர்கள் கணக்கு. 1998-ல் அரசு ஏரியை மட்டுமல்லாமல் அதைச் சுற்றி 5 கிலோமீட்டரையும் சரணாலயமாக அறிவித்தது. 2022-ல் ராம்சர் என்கிற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

அந்த 5 கிலோமீட்டருக்குள் இருப்பது காடு அல்ல. வயல், ஏரி, வாய்க்கால், தெரு, மாரியம்மன் கோயில், பால் சொசைட்டி. பறவை ஏரி மரத்தில் கூடு கட்டுகிறது. இரையை வெளியே தேடுகிறது. நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கி நத்தை பொறுக்குகிறது. உண்ணிக்கொக்கு மாட்டின் கால் பக்கத்திலேயே நடந்து, மாடு கிளப்பிவிடும் வெட்டுக்கிளியையும் பூச்சியையும் கொத்துகிறது. அந்த வயல் வயலாக இருக்கிற வரைக்கும்தான் இந்தப் பறவைகளுக்குச் சாப்பாடு. வயல் வயலாக இருக்க வேண்டும் என்றால் அதை வைத்திருக்கிற குடும்பம் அங்கே பிழைக்க வேண்டும். ஒரு போகமோ இரண்டு போகமோ நெல் போட்டுவிட்டு மற்ற மாதங்களை ஓட்டுவது எதை வைத்து? கொட்டகையில் நிற்கிற இரண்டு மூன்று கறவையையும், பத்துப் பதினைந்து செம்மறியையும் வைத்துத்தான்.

2020-ல் இந்த 5 கிலோமீட்டரை 3 ஆகச் சுருக்க ஒரு யோசனை வந்தது நினைவிருக்கும். தமிழ்நாடே கொதித்தது, யோசனை நிலைக்காமல் போனது. நல்லதுதான். அப்போது வந்த கட்டுரைகளை எல்லாம் தேடித்தேடிப் படித்தேன். தொழிற்சாலை பற்றி இருந்தது, பறவை பற்றி இருந்தது. அந்த 3-க்கும் 5-க்கும் நடுவில் மாடு கட்டியிருப்பவர் எதை நம்பி அங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்ட ஒரு பத்தியைக்கூட நான் பார்க்கவில்லை.

அவர் கணக்கைச் சொல்கிறேன். நாளைக்கு 8 லிட்டர் கறக்கிற கலப்பின மாடு. 2023 டிசம்பரில் ஆவின் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்ததோடு பசும்பாலுக்கு லிட்டருக்கு 38 ரூபாய் என்றானது. அதுவும் கொழுப்பும் இதர சத்தும் சொன்ன அளவுக்கு இருந்தால். ஆக 304 ரூபாய். உடம்பைத் தாங்க ஒன்றரை கிலோ, கறக்கிற இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் அடர்தீவனம் என்பது நாங்கள் ஊர் ஊராகச் சொல்லிவந்த கணக்கு. கிட்டத்தட்ட 5 கிலோ வருகிறது. கிலோ 25 ரூபாய்க்குக் கீழே இப்போது கிடைப்பதில்லை. அங்கேயே 125 போய்விட்டது. வைக்கோல், தாது உப்பு, மருந்து, மடி நோய் வந்தால் நாலு நாள் பாலைக் கீழே ஊற்றுவது எல்லாம் தனி. பால் வற்றிய பிறகு அடுத்த கன்று போடும்வரை மாடு தின்னும், கறக்காது. வீட்டு ஆட்களின் கூலியை இந்தக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. எழுதினால் மாட்டை விற்றுவிடுவார்கள்.

இந்தக் கணக்கை நிமிர்த்துவது ஒன்றே ஒன்றுதான்: காசு கொடுக்காமல் கிடைக்கிற புல். மேய்க்கால் புறம்போக்கு, வரப்பு, அறுவடை முடிந்த வயல், கோடையில் தண்ணீர் வற்றிய ஏரி உள்வாய். “ஏரி காஞ்சா ரெண்டு மாசம் தவிட்டுச் செலவு இல்ல டாக்டரே, அதுலதான் புள்ளைங்க ஸ்கூலு செலவு” என்று அந்தப் பக்கத்து அம்மா ஒருத்தர் என்னிடம் சொன்னார். பொருளாதாரம் படித்தவர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

புல்லும் குறைகிறது, வைக்கோலும் குறைகிறது. கையறுப்பு இருந்த காலத்தில் நீள வைக்கோல் வீட்டுக்கு வந்து போராக ஏறும். இயந்திர அறுப்பில் அது நசுங்கிச் சிதறி வயலிலேயே விழுகிறது. திரட்டிக் கட்டாக்க இன்னொரு இயந்திரம், அதற்கு ஒரு வாடகை. சொந்த வயல் வைக்கோலையே காசு கொடுத்து வாங்குகிற நிலைமை. மேய்க்கால் நிலத்தில் சீமைக் கருவேலம் ஏறிவிட்டது, அல்லது அரசுக் கட்டடம் ஏதாவது வந்துவிட்டது. கிராமப் பொது நிலங்களை மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டு ஆகியும், மீட்ட இடத்தில் மாட்டுக்குப் புல் முளைத்தது என்று நான் கேள்விப்பட்டது மிகக் குறைவு.

மேய்ச்சல் நிலம் போனால் என்ன ஆகும் என்று பார்க்க வேடந்தாங்கல்காரர்கள் தூரம் போக வேண்டாம். ரயில் ஏறிக் கூடுவாஞ்சேரியில் இறங்கினால் போதும். ஊரப்பாக்கம், நந்திவரம், காயரம்பேடு, பெருமாட்டுநல்லூர் என்று நான் ஊசி போட்ட தெருக்களில் இன்று முக்கால்வாசி அடுக்குமாடி. 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தது. மனை விலை எங்கே போயிற்று என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் மாடு மட்டும் உடனே போய்விடவில்லை. நிலத்தை விற்றவர்கூட இரண்டு மாட்டை வைத்திருந்தார், பழக்கம் விடவில்லை. மேய இடம் இல்லாத மாடு ஜி.எஸ்.டி. சாலை நடுவில் படுத்துக்கொண்டு, குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக் பையோடு சேர்த்துச் சோற்றைத் தின்கிறது. இறந்த மாட்டின் வயிற்றைக் கிழித்து மூட்டையாகப் பையை எடுத்த கை என்னுடையது. சென்னை மாநகராட்சி 2024-ல் தெருமாட்டுக்கு அபராதத்தை முதல் தடவை 10,000 ரூபாய் என்று உயர்த்தியது. போக்குவரத்துக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மேய்ச்சல் நிலத்தை எடுத்தவர் யாருக்கும் அபராதம் விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை.

சரணாலயத்து ஏரிக்குள் மாட்டை விட்டால் பறவை என்ன ஆகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு இந்தியாவிலேயே ஒரு பதில் இருக்கிறது, விலை கொடுத்து வாங்கிய பதில். ராஜஸ்தானில் பரத்பூர், கேவலாதேவ். உலகப் புகழ் பெற்ற பறவைச் சதுப்பு. காலங்காலமாக ஊர் எருமைகள் இறங்கி மேய்ந்த இடம். 1980-களின் தொடக்கத்தில் தேசியப் பூங்கா ஆக்கி, 1982-ல் மேய்ச்சலை அடியோடு நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பறவைகள் பெருகும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்தாண்டு ஆய்வு செய்து 1991-ல் அறிக்கை கொடுத்தது. எருமை இல்லாமல் போனதால் ஒரு வகை நீர்ப்புல் தடையில்லாமல் மண்டித் திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது, மீனுக்கும் நீர்ப்பறவைக்கும் இடம் குறைந்தது என்று அது சொன்னது. எருமை செய்த வேலையை எருமை போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

பரத்பூர் வேறு, வேடந்தாங்கல் வேறு, தெரியும். அங்கே பரந்த சதுப்பு, இங்கே பாசன ஏரி. அதனால் அங்கே நடந்ததை அப்படியே இங்கே ஒட்டவைக்கச் சொல்லவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள், முடிவு எடுத்துவிட்டுப் பார்க்காதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. இங்கே காலம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. வடகிழக்கு மழையில் ஏரி நிறைந்து, நவம்பரிலிருந்து மார்ச் வரை கூடு, முட்டை, குஞ்சு. அந்த மாதங்களில் கரைப் பக்கம் மாட்டுக்கு வேலையே இல்லை, வயலில் பயிர் நிற்கும்போது மேய்ச்சலுக்கும் வழி இல்லை. பறவை கிளம்பி, தண்ணீர் வற்றி, உள்வாயில் கோரையும் புல்லும் காய்கிற சித்திரை வைகாசியில்தான் மாட்டுக்கு அந்த இடம் வேண்டும். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வெவ்வேறு மாதத்தில் குடிவருகிறவர்கள் மாதிரி.

வெள்ளாட்டுக்கு நான் வக்கீல் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். நட்ட கன்றைக் குருத்தோடு கடிக்கிற பிராணி அது. ஏரிக்குள் கடம்பும் கருவேலமும் முளைத்து வந்தால்தான் நாளைக்குக் கூடு கட்ட மரம். ஆகவே வெள்ளாடு உள்வாயில் வேண்டாம். மாடும் செம்மறியும் வரட்டும். செம்மறி தலையைக் குனிந்து புல்லைத்தான் மேயும். இந்தப் பகுதிக்கே உரிய இனம் ஒன்று இருக்கிறது, மெட்ராஸ் சிவப்பு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வெயிலுக்குப் பழகிய செம்மறி. அதை ஆராய்கிற இடமும் நம் வாசலிலேயே இருக்கிறது: பொத்தேரிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கம், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம், 1957-லிருந்து. ரயிலில் அதைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நல்ல கிடாவை அங்கிருந்து சரணாலய ஊர்களுக்குக் கொடுக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் கிடை கட்டினால் நிலத்துக்கும் உரம், ஆட்டுக்காரருக்கும் காசு.

சட்டத்தின் பக்கம் ஒரு சிக்கல் இருக்கிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. பிறகு அதே மாதத்தில், தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு தடை நிற்கும் என்று மாற்றியது. காட்டுக்கு அது பொருந்தலாம். வேடந்தாங்கலுக்கு அதை வரி பிசகாமல் எடுத்துக்கொண்டால், சொந்த வரப்பில் மாட்டைக் கட்டுகிறவரும் சரணாலயத்தில் மேய்த்தவர்தான். யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லலாம். ஏழைக்கு அந்த ‘மாட்டார்கள்’ போதாது, எழுத்தில் ஒரு வரி வேண்டும்.

ஈரோட்டுக்கு அந்தப் பக்கம் பர்கூர் மலையில் இதே பயம் இன்னும் பெரிதாக இருக்கிறது. செவலையில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மாடு, காட்டுக்குள் பட்டி போட்டு மாதக்கணக்கில் மேய்த்து வளர்த்த இனம். அந்த இனத்தைக் காக்க அரசே ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் அதே மலையில் 80,567 ஹெக்டேரில் தந்தை பெரியார் காட்டுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பட்டி என்ன ஆகும் என்று மலைமக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வன உரிமைச் சட்டம் 2006 மேய்ச்சலையும் உரிமையாகச் சொல்கிறது. ஒரு கையால் இனத்தைக் காத்து, மறு கையால் அது வளர்ந்த மேய்ச்சலை மூடினால், அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் மாட்டைப் படத்தில்தான் பார்க்க வேண்டிவரும்.

நம் அரசுகளுக்குக் கால்நடை மேல் பிரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2011-ல் விலையில்லாக் கறவை மாடும் வீட்டுக்கு நான்கு ஆடும் கொடுக்கும் திட்டம் வந்தது. எத்தனையோ விதவைப் பெண்கள் அதில் நிமிர்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மாட்டைக் கொடுத்தார்கள், புல்லைக் கொடுக்கவில்லை. மேய இடம் இல்லாத ஊரில் அந்த மாடு எத்தனை நாளில் கைமாறியது என்பதையும் பார்த்திருக்கிறேன். எருமையைக் கேட்கவே வேண்டாம்: கால்நடைக் கணக்கெடுப்பில் 2012-ல் தமிழ்நாட்டில் 7.8 லட்சம் இருந்தது 2019-ல் 5.19 லட்சம். ஏரி, குட்டை, சேறு இல்லாமல் எருமை எப்படி நிற்கும்?

அதனால் இனாமாக மாடு கேட்கவில்லை. செய்கிற வேலைக்குக் கூலி கேட்கிறேன். சரணாலய 5 கிலோமீட்டருக்குள் இருக்கிற சொசைட்டிகளில் ஊற்றுகிற பாலுக்கு ஆவின் லிட்டருக்குத் தனியாக ஓர் ஊக்கத்தொகை கொடுக்கட்டும். வயலை மனையாக்காமல் வைத்திருப்பதற்கு, பறவை இறங்குகிற நிலத்தில் மருந்தடிப்பைக் குறைப்பதற்கு அது கூலி. இதென்ன புது வழக்கம் என்று நிதித்துறை கேட்டால், சுவிட்சர்லாந்தைக் காட்டலாம். 1996-ல் மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள்: விவசாயியின் வேலை உணவு மட்டுமல்ல, நிலப்பரப்பைக் காப்பதும்தான், அதற்கு அரசு நேரடியாகப் பணம் தரும். கோடையில் ஆல்ப்ஸ் மேய்ச்சலுக்கு மாட்டை ஓட்டிப் போகிறவருக்கும் அதில் பங்கு உண்டு. மேய்க்காமல் விட்டால் மலைப் புல்வெளி புதராகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம்முடையது பணக்கார நாடு இல்லைதான். கேட்பதும் பெரிய தொகை இல்லை, சில ஊர்களின் பால்.

தடுப்பூசிக்கு வருகிறேன், என் சொந்தத் தொழில் என்பதால் விட மனம் இல்லை. கோமாரிக்கு மத்தியத் திட்டம் 2019-லிருந்து இருக்கிறது, 1962-க்கு அழைத்தால் வண்டியும் வருகிறது. அதோடு 33-ஏ சொல்வதையும் சேர்த்து, சரணாலய ஊர்களில் ஒரு மாடுகூட விடுபடாமல் போட வேண்டும். மாட்டு வைத்தியமும் பறவை உயிரும் தனித்தனி இல்லை என்பதற்குக் கழுகே சாட்சி. மாட்டு வீக்கத்துக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகின் சிறுநீரகத்தைத் தின்றது. 2006-ல் தடை வரும்போது நாட்டில் கழுகே அரிதாகியிருந்தது.

செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. அடுத்த மழைக்கு முன் ஒரு கூட்டத்தை வேடந்தாங்கலிலேயே வைக்க ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறேன். வனத்துறை, கால்நடைத் துறை, நீர்வளத் துறை, ஆவின் நான்கும் வரட்டும். பக்கத்துக் கரிக்கிலிக்காரர்களையும் கூப்பிடுங்கள், அவர்கள் ஏரியும் ராம்சர் ஏரிதான். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்தக் கரை வழியாக, எத்தனை மாடு என்று எழுதிப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டுங்கள். முதல் வரிசையில் மாடு வைத்திருக்கும் பெண்களை உட்காரவைத்து அவர்களை முதலில் பேச விடுங்கள். எந்த உள்வாயில் எந்தப் புல் எப்போது காயும் என்று அந்த அறையில் அவர்களுக்குத்தான் தெரியும்.